பாரமும் பாய்ச்சலும்: கால்வலிமைப் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மெய்வல்லுநர் போட்டிகளுக்கான காலம் நெருங்கும்போது விளையாட்டு மைதானங்களிலே தவறாது எழும் வினா ஒன்றுண்டு. கால்களின் வலிமையைப் பெருக்குவதற்குப் பாரத்தைத் தோளிற் சுமந்து குந்தி எழுதல் சிறந்ததா, அன்றிப் படிகளிலும் பெட்டிகளிலும் ஏறியும் இறங்கியும் பாய்ந்து பழகுதல் சிறந்ததா என்பதே அவ்வினா. ஒரு சாரார் இரும்பை நம்புவர். பாரம் சுமக்காத கால் பலமற்ற கால் என்பர். மறு சாரார், பாய்பவன் பாய்ந்தே பழகவேண்டும் என்றும், பாரம் சுமப்பவன் வண்டி மாட்டின் நடையையே பெறுவான் என்றும் வாதிடுவர். இரு சாராரும் தத்தம் கட்சிக்குச் சான்றாக உலகப் புகழ்பெற்ற வீரர் ஒருவரின் பெயரைக் கூறத் தவறுவதில்லை.

இவ்விவாதம் உடற்கல்வித் துறையினருக்கு மட்டும் உரியதெனக் கருதி வரலாற்று மாணவர் ஒதுங்கிவிடுவது வழக்கம். ஆயின், பாரமும் பாய்ச்சலும் எப்போது, எவ்விடத்து, எக்காரணத்தால் எதிரெதிர்க் கட்சிகளாயின என்பது வரலாற்றுக்குரிய வினாவேயாகும். அவ்வினாவை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. இன்று பாய்ச்சற் பயிற்சி என வழங்கும் முறை பாரப் பயிற்சியின் மடியிலே பிறந்தது. அது ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சென்றபோது அதனைத் தாங்கிநின்ற நிபந்தனைகள் உதிர்ந்து போயின. உதிர்ந்தவற்றின் விலையைச் செலுத்தியவை இளைஞரின் முழங்கால்களே. இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைக்க முனைகின்றது.

கிரேக்கரின் பாய்ச்சற் பாரம்

பாரப் பயிற்சியின் தொடக்கத்தைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் குரொட்டன் நகரத்து மல்லனான மைலோவிலிருந்தே தொடங்குவர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைலோ, ஒலிம்பியாவிலே மல்யுத்தத்தில் ஆறு முறை வெற்றி பெற்றவன். அவன் கன்று ஒன்றை நாள்தோறும் சுமந்து வந்தான் என்றும், கன்று வளர வளர அவனது வலிமையும் வளர்ந்து ஈற்றில் முழு எருதையே சுமந்தான் என்றும் மரபுக்கதை கூறும். கதை எவ்வாறாயினும், சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதால் உடல் அதற்கேற்ப வலிமை பெறும் என்ற கருத்து அக்காலத்தவரிடை நிலவியமைக்கு அது சான்றாகின்றது.

இதனிலும் எமது பொருளுக்கு நெருங்கிய சான்று மற்றொன்றுண்டு. கிரேக்கர் நீளம் பாயும்போது இரு கைகளிலும் கல்லாலோ ஈயத்தாலோ ஆன பாரங்களைப் பற்றிக்கொண்டு பாய்ந்தனர். இவற்றை அவர்கள் 'ஹல்தேரெஸ்' என வழங்கினர். சாடிகளில் தீட்டப்பட்ட ஓவியங்கள் அவற்றை ஏந்திய வீரர்களைக் காட்டுகின்றன. அகழ்ந்தெடுக்கப்பட்ட பாரங்கள் சிலவும் இன்று அரும்பொருளகங்களில் உள்ளன. பாரம் சுமந்தவன் எவ்வாறு அதிக தூரம் பாய்வான் என்ற ஐயம் இயல்பாக எழும். 2002ஆம் ஆண்டு மினெற்றி, ஆர்டிகோ ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வொன்று இவ்வையத்துக்கு விடை கூறிற்று. தக்க நிறையுடைய பாரத்தைச் சரியான கணத்தில் வீசி இயக்கினால், மூன்று மீற்றர்ப் பாய்ச்சல் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றரால் நீளக்கூடும் என அவர்கள் கணித்தனர்.

இப்பாரங்கள் பாய்வதற்கு மட்டுமன்றி உடற்பயிற்சிக்கும் பயன்பட்டன. பிரெஞ்சு மொழியிலே பளுதூக்கலைக் குறிக்கும் சொல் இந்த ஹல்தேரெஸ் என்ற சொல்லின் வழிவந்ததே. பளுதூக்கும் கலையின் பெயரே பாய்வோன் கையிலிருந்த கல்லிலிருந்து பிறந்ததென்பது சிந்திக்கத்தக்கது. பழைய உலகில் பாரமும் பாய்ச்சலும் ஒரே கையிலே தங்கியிருந்தன.

இரும்பின் மீதான அச்சம்

இவை பிரிந்தமை அண்மைக்கால நிகழ்ச்சியாகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மெய்வல்லுநரைப் பயிற்றியோர் பலர் இரும்பை அஞ்சினர். பாரம் தூக்குவதால் தசைகள் தடித்து இறுகி, அசைவின் வேகம் குன்றும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஓட்டக்காரரும் பாய்ச்சல் வீரரும் பாரத்தண்டைத் தொடுவதே பலவிடங்களில் விலக்கப்பட்டிருந்தது. இந்நம்பிக்கை அளவீட்டின் வழி வந்ததன்று. மேடைகளிலே வித்தை காட்டிய பலசாலிகளின் பருத்த உடலைக் கண்டோர் கொண்ட எண்ணமே நாளடைவில் விதியாக மாறிற்று.

இவ்வச்சம் தளர்வதற்கு இரண்டாம் உலகப் போர் ஒரு காரணமாயிற்று. போரிலே காயமுற்று முழங்காலும் தொடையும் மெலிந்த படைவீரர்கள் வைத்தியசாலைகளை நிறைத்தனர். அக்காலத்தில் அவர்களுக்குக் குறைந்த சுமையைப் பலமுறை அசைக்கும் பயிற்சியே அளிக்கப்பட்டது. குணமடைதல் மிக மெதுவாகவே நிகழ்ந்தது. சிக்காகோ நகரில் இராணுவ வைத்தியராகக் கடமையாற்றிய தோமஸ் டிலோம் என்பவர் இம்முறையை மாற்றினார். பாதத்திலே இரும்புச் சப்பாத்தைக் கட்டி, பாரமான சுமையைக் குறைந்த தடவைகள் தூக்கச் செய்தார். 1945ஆம் ஆண்டில் அவர் தமது முடிபுகளை வெளியிட்டார். 1948இல் வற்கின்ஸ் என்பாருடன் இணைந்து அம்முறையை மேலும் எளிமையாக்கினார். ஒருவர் பத்துத் தடவை தூக்கக்கூடிய உச்சச் சுமையைக் கண்டறிந்து, அதன் அரைப்பங்கு, முக்காற்பங்கு, முழுப்பங்கு என மூன்று சுற்றுக்களாக ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை தூக்குதலே அம்முறை. இன்று பாரப் பயிற்சி பெறுவோர் பலரும் அறிந்த 'பத்துத் தடவை, மூன்று சுற்று' என்ற வழக்கத்தின் மூலத்தை இங்கே காணலாம். மெலிந்த தொடைக்கு மீண்டும் நடக்கும் ஆற்றலைத் தருவதற்காகத் தோன்றிய முறையே பின்னர் விளையாட்டு வீரரிடம் சென்றது.

பாரம் தூக்குவோர் வேகம் இழப்பர் என்ற நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தவர்கள் ஸ்பிறிங்பீல்ட் கல்லூரியைச் சேர்ந்த சோர்பஸ், கார்ப்போவிச் ஆகியோர். 1951ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வு, பாரம் தூக்குவோர் 300 பேரையும் தூக்காதோர் 300 பேரையும் ஒப்பிட்டது. பாரம் தூக்குவோரே விரைந்து அசைந்தனர் என்பது அதன் முடிபு. எனினும், ஆங்கு அளக்கப்பட்டது கையின் சுழற்சி வேகமே என்பதை மனங்கொள்ள வேண்டும். பாரம் வேகத்தைக் கெடுக்கும் என்ற பழியை அவ்வாய்வு துடைத்தது. பாரம் பாய்ச்சலை உயர்த்தும் என்று அது நிறுவவில்லை. பின்வந்தோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமை விவாதத்தின் அடுத்த கட்டத்துக்கு வித்திட்டது.

விசையும் வேகமும்

இவ்விடத்தில் உடற்றொழிலியலார் கண்ட இரு உண்மைகளைக் குறிப்பிடுதல் அவசியமாகின்றது. அவையின்றிப் பின்னர் மொஸ்கோவில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இயலாது.

முதலாவது உண்மை ஆங்கிலேய அறிஞர் ஏ. வி. ஹில் 1938ஆம் ஆண்டில் வெளியிட்டது. 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற அவர், தவளையின் தசையைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளால், தசை சுருங்கும் வேகம் கூடக்கூட அது செலுத்தக்கூடிய விசை குறைகின்றது என நிறுவினார். அதாவது பெரும் விசையும் பெரும் வேகமும் ஒரே கணத்தில் ஒரே தசைக்குக் கிட்டா. உச்சப் பாரத்தைத் தோளிற் சுமந்து குந்தி எழுபவர் விசையின் எல்லையிலே நிற்கின்றார்; அவரின் அசைவு மெதுவானது. வெறுங்காலுடன் பாய்பவர் வேகத்தின் பக்கத்திலே நிற்கின்றார். விசையும் வேகமும் பெருக்கப் பெறும் பயனே வலு எனப்படும். பாய்ச்சலுக்கு வேண்டுவது வலு. அது இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலே உச்சம் அடைகின்றது.

இதனுடன் நேரத்தையும் கருத வேண்டும். தசை தனது முழு விசையையும் திரட்டுவதற்கு ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்களவு நேரமேனும் வேண்டும். ஆனால் முப்பாய்ச்சல் வீரரின் பாதம் தரையைத் தொட்டு நிற்பது ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கிலும் குறைந்த நேரமே. எனவே ஒருவரிடம் எவ்வளவு விசை உண்டு என்பதோடு, அக்குறுகிய கணத்துள் அதில் எவ்வளவைச் செலவிட இயலும் என்பதும் வினாவாகின்றது. சேமிப்பில் உள்ள பணம் வேறு, கடை மூடுமுன் கையில் எடுக்கக்கூடிய பணம் வேறு.

இரண்டாவது உண்மை இன்னும் பழையது. பிரான்சு நாட்டின் மாரே, டெமனி ஆகிய இருவரும் 1885ஆம் ஆண்டிலேயே பாய்ச்சலின் பொறிமுறையை ஒளிப்படங்களாலும் விசைமானியாலும் ஆராய்ந்தனர். தாழ்தலும் எழுதலும் இடைவெளியின்றி நிகழும்போது பாய்ச்சல் உயர்கின்றது என அவர்கள் கண்டனர். இதன் காரணத்தை 1960களில் இத்தாலியரான கவாஞ்ஞாவும் அவரைச் சார்ந்தோரும் பரிசோதனைகளால் விளக்கினர். சுருங்குவதற்குச் சற்று முன் இழுபட்ட தசை, இழுபடாத தசையிலும் கூடிய வேலையைச் செய்கின்றது. தசையும் தசைநாணும் இழுபடும்போது ஒரு பகுதிச் சக்தியைத் தம்முள் தேக்கி, உடனே திருப்பித் தருகின்றன. தாமதித்தால் அச்சக்தி வெப்பமாகி வீணாகும்.

மொஸ்கோவின் குளிர்காலம்

1958ஆம் ஆண்டு ரோக்கியோவிலே நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசியப் போட்டிகளில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தமை எம்மவர் நன்கறிந்தது. யாழ்ப்பாணத்தில் பயின்ற ஒருவர் ஆசியாவின் உச்சியைத் தொட்ட அதே காலப்பகுதியில், சோவியத் நாட்டிலே உயரம் பாய்தலின் எல்லையை மேலும் உயர்த்தும் முயற்சியொன்று முனைப்புப் பெற்றிருந்தது.

அம்முயற்சியின் ஒரு கிளை பாரத்தைச் சார்ந்தது. விளாடிமிர் டியாச்கோவ் என்னும் பயிற்சியாளர் உயரம் பாய்வோருக்குப் பாரத்தண்டுப் பயிற்சியை முறையாகப் புகுத்தினார். அவரின் மாணவரான வலேரி புறூமெல் 1961ஆம் ஆண்டிலிருந்து 1963ஆம் ஆண்டுவரை உலகச் சாதனையை ஆறு முறை உயர்த்தினார். 1963இல் மொஸ்கோவில் அவர் பாய்ந்த உயரம் 2.28 மீற்றர். 1964ஆம் ஆண்டு ரோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது. பாரம் பாய்ச்சலைக் கெடுக்கும் என்றோருக்கு இதனிலும் வலிய மறுப்பு வேண்டியதில்லை.

மறு கிளையைத் தொடக்கியவர் யூரி வெர்கொஷான்ஸ்கி (1928–2010). அவர் மொஸ்கோவிலே முப்பாய்ச்சல் வீரரைப் பயிற்றியவர். 1950களின் இறுதியில் அவருக்கு நேர்ந்த இடர்களை அவரே பின்னர் எழுதியுள்ளார். குளிர்காலத்தில் மைதானம் பனியால் மூடுண்டது, உள்ளரங்கும் கிடைக்கவில்லை. ஆதலால் மாணவரைப் பாரத்தண்டுடன் பயிற்றத் தொடங்கினார். வசந்தத்தில் அவர்களின் பாய்ச்சல் முன்னேறியிருந்தது. இவ்வெற்றியின்பின் சுமையைக் கூட்டிக்கொண்டு சென்றபோது மாணவரின் முதுகு நோவெடுக்கத் தொடங்கிற்று. முப்பாய்ச்சலின் ஒற்றைக்கால் தரையிறக்கத்தில் கால் எதிர்கொள்ளும் விசை உடல் நிறையின் பல மடங்காகும். அதற்கு நிகரான சுமையை முதுகெலும்பின் மீது ஏற்றுவது இயலாத காரியம்.

அப்போது அவர் கண்ட வழி எளிமையானது. உயரமான ஓரிடத்திலிருந்து இறங்கிவிழுந்து, பாதம் தரையைத் தொட்டவுடன் தாமதியாது மேலெழுந்து பாய்தலே அது. 0.75 மீற்றர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3.8 மீற்றர் ஆகும். அவ்வேகத்தைக் கணப்பொழுதில் தடுத்து, எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டிய பொறுப்புக் கால்களுக்கு உண்டாகின்றது. முதுகின்மேல் ஒரு கிலோகிராம் இரும்புதானும் இல்லை. எனினும் கால்கள் பெருஞ்சுமையை எதிர்கொள்கின்றன. இதனை வெர்கொஷான்ஸ்கி 'அதிர்ச்சி முறை' என வழங்கினார். 1960களில் சோவியத் நாட்டு மெய்வல்லுநர் சஞ்சிகையிலே அவரது கட்டுரைகள் வெளியாயின.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. வெர்கொஷான்ஸ்கி பாரத்தை வெறுத்துப் பாய்ச்சலுக்குச் சென்றவர் அல்லர். பாரத்தால் இனி ஏற்ற இயலாத சுமையை வேறு வழியால் ஏற்றுவதற்கே அவர் பாய்ச்சலை நாடினார். அவர் கண்ட பாய்ச்சல், பாரத்தின் தொடர்ச்சி. கண்ணுக்குத் தெரியாத பாரம் என அதனைக் கூறினும் பொருந்தும். ஆகவேதான் அம்முறைக்குக் கடுமையான எல்லைகளையும் அவரே விதித்தார். விழும் உயரம் 0.75 மீற்றரிலிருந்து 1.10 மீற்றர் வரை. ஒரு நாளில் நாற்பது பாய்ச்சலுக்கு மேற்படலாகாது. வாரத்துக்கு இரு நாள்களுக்கு மேற்படலாகாது. இவையும் பாரப் பயிற்சியால் முன்னரே ஆயத்தமான வீரருக்கு மட்டுமே.

கடல் கடந்த முறை

1972ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் வலேரி பொர்சோவ் 100 மீற்றர், 200 மீற்றர் ஆகிய இரு ஓட்டங்களிலும் தங்கப் பதக்கம் பெற்றார். குறுந்தூர ஓட்டத்தைத் தமக்கே உரியதாகக் கருதியிருந்த அமெரிக்கருக்கு இது பேரதிர்ச்சியாயிற்று. பனிப்போர்ச் சூழலில் விளையாட்டு வெற்றி அரசியல் வெற்றியாகவும் எண்ணப்பட்டது. சோவியத் பயிற்சியின் இரகசியம் யாது என அறியும் ஆவல் மேற்கிலே மிகுந்தது. சோவியத் கட்டுரைகள் மொழிபெயர்க்கப்பட்டன. 1975ஆம் ஆண்டில் அமெரிக்கப் பயிற்சியாளர் பிறெட் வில்ற் இப்பாய்ச்சற் பயிற்சிகளுக்குப் 'பிளையோமெற்றிக்ஸ்' என்ற பெயரைச் சூட்டினார். அளவிடத்தக்க பெருக்கம் என அக்கிரேக்க வேர்ச்சொற்களுக்குப் பொருள் கூறுவர்.

பெயர் மாறியபோது பொருளும் மெல்ல மாறிற்று. வெர்கொஷான்ஸ்கியின் முறை, ஆண்டுக்கணக்கான பாரப் பயிற்சிக்குப் பின், தேர்ந்த சிலருக்கு, ஆண்டின் குறித்த பருவத்தில் மட்டும் அளிக்கப்பட்டது. புதிய பெயரின் கீழோ கயிறு துள்ளுவது தொடக்கம் உயர்ந்த பெட்டியிலிருந்து விழுந்து எழுவது வரை அனைத்தும் அடங்கின. பாரம் வேண்டும், காலம் வேண்டும், ஆயத்தம் வேண்டும் என்ற நிபந்தனைகள் பின்தங்க, பெட்டி மட்டும் முன்வந்தது. பாரப் பயிற்சிக்கு எதிரான மாற்றுமுறையாகப் பாய்ச்சலைக் கொள்ளும் வழக்கம் இவ்வாறே வேரூன்றியது.

இதன் விளைவு எச்சரிக்கைகளாக வெளிப்பட்டது. தன் உடல் நிறையின் ஒன்றரை மடங்கு பாரத்தைச் சுமந்து குந்தி எழ இயலாதவர் கால்களுக்கான கடும் பாய்ச்சற் பயிற்சியில் ஈடுபடலாகாது என்ற விதி அமெரிக்கப் பயிற்சி நூல்களிலே இடம்பெற்றது. அதாவது 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் 90 கிலோகிராம் பாரத்துடன் எழ வேண்டும். பிற்காலத்தவர் இவ்விதி அளவுக்கு மிஞ்சியதெனக் கருதித் தளர்த்தினர். குறைந்த உயரப் பாய்ச்சலுக்கு அது தேவையற்றது என்பது உண்மையே. ஆயினும் அவ்விதி ஏன் எழுந்தது என்பதை வரலாற்று நோக்கில் உணரவேண்டும். மொழிபெயர்ப்பின்போது விடுபட்ட நிபந்தனையை மீண்டும் எழுதிச் சேர்த்த முயற்சியே அது.

ஆய்வுகளின் தீர்ப்பு

இதன்பின் இரு முறைகளையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிடும் ஆய்வுகள் பெருகின. 1992ஆம் ஆண்டில் அடம்சும் துணையாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு அவற்றுட் புகழ்பெற்றது. 48 பேர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஆறு வாரம் பயிற்றப்பட்டனர். பாரத்துடன் குந்தி எழுந்த குழுவின் நிலைக்குத்துப் பாய்ச்சல் சராசரியாக 3.30 சென்ரிமீற்றரால் உயர்ந்தது. பாய்ச்சற் பயிற்சி பெற்ற குழு 3.81 சென்ரிமீற்றரால் உயர்ந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவோ 10.67 சென்ரிமீற்றரால் உயர்ந்தது. ஆறு வாரம் என்பது குறுகிய காலம், 48 பேர் என்பது சிறு தொகை என்ற குறைகள் இதற்கு உண்டு. எனினும் தனித்தனி முறைகளிடையே காணப்பட்ட வேறுபாடு அரைச் சென்ரிமீற்றரளவு மட்டுமே என்பதையும், இணைந்தபோது கிடைத்த பயன் இரண்டின் கூட்டுத்தொகையையும் விஞ்சியது என்பதையும் நோக்குமிடத்து, 'எது சிறந்தது' என்ற வினா வலுவிழக்கின்றது.

1993ஆம் ஆண்டில் வில்சனும் துணையாய்வாளரும் அவுஸ்திரேலியாவில் முன்னரே பயிற்சி பெற்ற 64 பேரைப் பத்து வாரம் பயிற்றினர். கனத்த பாரம், பாய்ச்சல் ஆகியவற்றோடு மூன்றாவதொரு முறையும் சோதிக்கப்பட்டது. உச்ச வலிமையின் முப்பது வீதமளவு இலேசான பாரத்தைச் சுமந்து பாய்தலே அம்மூன்றாவது முறை. மொத்தத்தில் அதுவே சிறந்த பயனை அளித்தது. ஹில் கண்ட விதியின்படி வலு நடுவிடத்தில் உச்சமடையும் என்பதற்கு இது பொருந்துகின்றது. பாரமும் பாய்ச்சலும் ஒருங்கே இயங்கிய இம்முறையைக் காணும்போது கிரேக்கனின் கையிலிருந்த கல் நினைவுக்கு வருதல் இயல்பே.

இவற்றுக்குப் பின்வந்த இரு ஆய்வுகளும் கருதத்தக்கன. 2007ஆம் ஆண்டில் மார்க்கோவிச் 26 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, பாய்ச்சற் பயிற்சி நிலைக்குத்துப் பாய்ச்சலை ஏறத்தாழ 4.7 தொடக்கம் 8.7 வீதம் வரை உயர்த்துகின்றது என முடிபு கூறினார். பாய்ச்சலின் பயன் இதனால் உறுதியாயிற்று. 2010ஆம் ஆண்டில் கோர்மியும் துணையாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு, வலிமை குறைந்த ஆடவரைப் பத்து வாரம் கனத்த பாரத்தினாலும் விரைந்த பாய்ச்சலினாலும் தனித்தனியே பயிற்றியபோது, இரு குழுவினரின் பாய்ச்சலும் ஏறத்தாழச் சமமாகவே முன்னேறியது எனக் காட்டிற்று. கனத்த பாரத்தால் பயின்றோர் மட்டும் மேலதிகமாக வலிமையையும் பெற்றனர். தொடக்கநிலையில் நிற்பவருக்கு எம்முறையும் பயன் தரும்; ஆனால் பாரத்தால் பெற்ற வலிமை அடுத்த படிக்கு அடித்தளமாக எஞ்சும் என்பது இதனால் பெறப்படும்.

எமது மைதானங்கள்

இவ்வரலாறு எமக்கு ஏன் வேண்டும் என்ற வினா எழலாம். பாரத்தண்டும் தகடுகளும் இல்லாத பாடசாலைகள் எம்மிடையே பல. அத்தகைய இடங்களில் பாய்ச்சற் பயிற்சி, செலவற்ற மாற்றுவழியாகத் தோன்றுகின்றது. மதிலும் படிக்கட்டும் எங்கும் உண்டு. பாரம் ஆபத்தானது, பாய்ச்சல் இயல்பானது என்ற எண்ணமும் இதற்குத் துணைசெய்கின்றது. போட்டிக்குச் சில வாரங்களே இருக்கும்போது, ஆயத்தமற்ற மாணவர் இறுகிய தரையில் உயர்ந்த மதிலிலிருந்து திரும்பத் திரும்பக் குதிக்கும் நிலை இவ்வெண்ணத்திலிருந்தே பிறக்கின்றது. 1.10 மீற்றரிலிருந்து விழும் உடல் செக்கனுக்கு 4.6 மீற்றர் வேகத்துடன் தரையை அடைகின்றது என்பதை யாரும் அவருக்குக் கூறுவதில்லை. தோளில் 100 கிலோகிராம் ஏற்றுமாறு கூறினால் அஞ்சி விலகும் அதே மாணவர், அதற்குக் குறையாத சுமையைத் தம் முழங்காலின்மேல் அறியாமலே ஏற்றுகின்றார். தகட்டிலே எண் பொறித்திருக்கும். மதிலிலே எண் இல்லை.

ஆகவே தெரிவு என்பது பாரமா பாய்ச்சலா என்பதில் இல்லை. எது முன், எது பின், எவ்வளவு என்பதிலே தங்கியுள்ளது. பாரத்தண்டு இல்லாத இடத்திலும் ஒழுங்கைப் பேணலாம். முதலில் வெறும் உடலுடன் ஆழமாகக் குந்தி எழுதலும், ஒற்றைக்காலால் படியேறி இறங்குதலும் பழகப்பட வேண்டும். மணல் நிரப்பிய சாக்கும் தோழனின் உடலும் சுமையாகப் பயன்படும். நிலத்திலிருந்து நிலத்துக்குப் பாயும் சிறு பாய்ச்சல்கள் இவற்றுடன் சேரலாம்; அவை புல்தரையிலோ மணலிலோ நிகழ்தல் நன்று. ஓசையின்றி, முழங்கால் உள்நோக்கிச் சரியாது தரையிறங்கத் தெரிந்தவரே அடுத்த படிக்குத் தகுதியுடையவர். கனத்த சுமையுடன் தடுமாறாது எழும் வலிமை வந்தபின், குறைந்த உயரத்திலிருந்து விழுந்தெழும் பாய்ச்சலைத் தொடங்கலாம். அதுவும் வாரத்துக்கு இரு நாள், எண்ணி நாற்பதுக்குள். இவ்விதிகள் பெண்களுக்கும் பொருந்தும். தரையிறங்கும்போது முழங்காலின் இணையங்கள் கிழியும் இடர் பெண்களுக்குக் கூடுதலாக இருப்பதால், தரையிறங்கும் முறையைக் கற்பித்தல் அவர்களுக்கு இன்னும் இன்றியமையாதது.

முறையொன்றை அது பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்து மற்றொரு மண்ணில் நடும்போது வேரோடு எடுத்து வருதல் வேண்டும் என்பது வரலாறு பல துறைகளிலும் கற்பிக்கும் பாடம். அரசியல் யாப்புக்கும் பொருளாதாரத் திட்டத்துக்கும் இப்பாடத்தை நாம் விரிவுரை மண்டபங்களிலே பொருத்திப் பார்க்கின்றோம். மாணவர் ஒருவரின் முழங்காலும் அத்தகைய கவனத்துக்கு உரியதே. மொஸ்கோப் பயிற்சியாளர் தம் மாணவரின் முதுகு நோவைக் கண்டு பாரத்தின் எல்லையை உணர்ந்தார். அவ்வுணர்விலிருந்தே பாய்ச்சல் முறை பிறந்தது. அவரிடமிருந்து பெட்டியை மட்டும் பெற்றுக்கொண்டு, மாணவரின் நோவைக் கேட்கும் செவியைப் பெறாது விடுவோமாயின், நாம் பெற்றது அம்முறையின் பாதி மட்டுமேயாகும்.